கருவாட்டுக் கேப்டனுக்கு ஒரு சவப்பெட்டி

கத்தி ஓனியோக்கின் தொண்டைக்குழியில் இருந்தது. காலையிலிருந்து கானாங்கெளுத்தி வெட்டிக்கொண்டிருந்த கத்தி. அதில் ஒட்டிய செதிள்கூட இன்னும் போகவில்லை.

“கொல்றதுன்னா கொல்லுங்கண்ணே. கழுவிட்டுக் கொல்லுங்க,” என்றான் ஓனியோக்.

கத்தி வைத்திருந்த ஹெனாரோ அவன் வயிற்றில் ஒரு குத்து விட்டான். வீட்டு வாசலில் அடுக்கியிருந்த ஐஸ் பெட்டிகள் மேல் சரிந்தவனை இரண்டு பேர் தூக்கி நிறுத்த, மூன்றாவது ஆள் இடம் வலம் பார்த்து அறைந்தான். சான் பெலிசாரியோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எந்த வேலையையும் முறைபோட்டுத்தான் செய்வார்கள். நாற்பத்திரண்டு வயதில், இத்தனை பெரிய தொப்பையோடு, திருப்பி அடிக்கிற யோசனையே ஓனியோக்குக்கு வரவில்லை. கடைவாயில் ரத்தம் உப்புக் கரித்தது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

“எவன்டா உன்னை அனுப்புனான்? துணை மேயரா? இந்த வீட்ல இன்னும் யாரைக் கொல்லணும்?”

“அண்ணே, என்னைப் பாத்தா கொல்ற ஆள் மாதிரியா தெரியுது? கொசு அடிக்கவே எனக்குத் துணைக்கு ஆள் வேணும்.”

“அவனை விடுப்பா. மிச்சத்தை நான் அடிச்சுக்கறேன்.”

ஹெனாரோ திரும்பினான். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி, இடுப்பில் பிஸ்கட் டின்னை இடுக்கிக்கொண்டு மழையில் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த துப்பாக்கி யாரையும் குறிபார்க்கவில்லை. ஆனால் அதைப் பிடித்திருந்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. பாசிலியா மக்காராயெக், இருபத்திரண்டு வருஷம் மணிலா போலீசில் சார்ஜென்ட். இப்போது தனியாகத் துப்பறிகிறாள், ஓனியோக் அவளுடைய உதவியாள்.

“எவாரிஸ்தோவைக் கொன்னவனைத் தேடி வந்திருக்கோம். துக்கம் கேக்க விடுவியா, இல்ல எங்களையும் சேர்த்துப் புதைக்கப் போறியா?”

கத்தி இறங்கியது. ஹெனாரோவின் கண்ணும் இறங்கிப் பொலபொலவென்று கொட்டியது. எவாரிஸ்தோ அவன் மகனுக்கு ஞானத்தந்தை.

ஊரே அப்படித்தான் அழுதுகொண்டிருந்தது. பதினோரு வருஷமாக ஒரு மாலைப் பத்திரிகையில் வாராவாரம் ‘கப்பித்தான் தூயோ’ என்கிற புனைபெயரில் ஒருவன் எழுதி வந்தான். தூயோ என்றால் கருவாடு. கருவாட்டுக் கேப்டன் யாரென்று யாருக்கும் தெரியாது, ஆனால் சலூனிலும் படகிலும் அவனைப் படிக்காதவர்கள் கிடையாது. “போன வெள்ளத்தில் நம் துணை மேயர் இடுப்பளவு தண்ணீரில் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோ முடிந்ததும் எழுந்து நின்றார், தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.” இதைப் படித்துவிட்டுத் துணை மேயர் இரண்டு பத்திரிகைக் கடைகளைக் கொளுத்தச் சொன்னாராம். அடுத்த வாரம் கேப்டன் எழுதினான்: “துணை மேயருக்கு ஏழைகள் என்றால் உயிர். அதனால்தான் வருஷா வருஷம் அவர்களை அதிகமாக்குகிறார்.”

திங்கட்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், மீனுக்குப் புகை போடுகிற எவாரிஸ்தோ லக்ஸமானாவின் கொட்டகையில் துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. ஓடிவந்தவர்கள் பார்த்தபோது, தணலுக்குள் தலை கவிழ்ந்து ஒரு உடல் கிடந்தது. முகம் என்று எதுவும் மிச்சமில்லை. கல்யாண மோதிரம், கைக்கடிகாரம், செருப்பு எல்லாம் எவாரிஸ்தோவுடையவை. உள்ளூர் போலீஸ் துணை மேயரின் போலீஸ், பத்து நிமிஷத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பத்திரிகையில் கறுப்புக் கட்டம் போட்டு, ‘எங்கள் கேப்டன் இவர்தான்’ என்று படம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது, அந்த வாயில்லாப்பூச்சிதான் இத்தனை வருஷமும் தங்களைச் சிரிக்க வைத்தவன் என்று.

பாசிலியாவை அமர்த்தியதும் பத்திரிகை முதலாளிதான். தோன் லெயோன்சியோ அராம்புலோ கைக்குட்டை நனைய அழுதுவிட்டு, “கொலைகாரன் எங்கே இருக்கான்னு தெரிஞ்சா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க. போலீஸ் வேண்டாம்” என்றார். இன்று மூன்று மணிக்குத் தானே துக்கம் கேட்க வருவதாகவும் சொல்லியிருந்தார்.

வீட்டுக் கூடத்தில் வெள்ளைப் பெட்டி மூடியே இருந்தது. அதன் மேல் ஒரு கோழிக்குஞ்சு அரிசி கொத்திக்கொண்டிருந்தது. கொலையுண்டவன் பெட்டி மேல் குஞ்சை விட்டால், அது கொத்துகிற ஒவ்வொரு கொத்தும் கொன்றவன் நெஞ்சில் விழும். அக்கம்பக்கத்துப் பெண்கள் விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மேஜை போட்டு, பிணத்துக்குக் கண்விழிக்கிறவர்களின் வழக்கமான சீட்டாட்டம் நடந்தது, தரையெல்லாம் தர்பூசணி விதைத் தோல்.

எவாரிஸ்தோவின் மனைவி நார்சிசா ஒல்லியாக, வருஷக்கணக்கில் புகை குடித்த நிறத்தில் இருந்தாள். கண்ணில் ஈரமில்லை. உள்ளங்கையில் துணிக்கட்டு.

“சுட்டவனைப் பாத்தியாம்மா?” என்றாள் பாசிலியா.

“மழை. பாக்கல.”

“கையில என்ன?”

“அடுப்புலேர்ந்து அவரை இழுத்தேன்.”

“யார் மேலயாவது சந்தேகம்?”

“சிரிக்கத் தெரியாத எல்லார் மேலயும்தான்,” என்றாள் நார்சிசா. துக்கம் கேட்க வந்த கணவன் மனைவி எழுந்ததும் அவளும் எழுந்து, குடை பிடித்து, வாசல் கேட் வரை கொண்டுபோய் விட்டு வந்தாள்.

சீட்டாடிக்கொண்டிருந்த கிழவிகள் உச்சுக்கொட்டினார்கள். “வழியனுப்பறாளே, பாவி! சாவையும் கூடவே அனுப்பறதா? துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு.”

பிறகு சாப்பாடு. நார்சிசா சேமியா வறுவலைத் தட்டுகளில் போட்டு வைத்தாள். பாதியில் ஹெனாரோவைத் துறையிலிருந்து யாரோ கூப்பிட, அவன் எழுந்து போனான். அடுத்த நொடி நார்சிசா மேஜை மேலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ஓனியோக்கின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“அக்கா, என் சாப்பாடு சுத்துது. அடி அவ்வளவு பலமாவா பட்டிருக்கு?”

“சாப்பாட்டுல பாதியில எழுந்து போறவன் பத்திரமா திரும்பி வரணும்னு சுத்தறா. உங்க அம்மா சொல்லித் தரலியா?” என்றாள் பாசிலியா, நார்சிசாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓனியோக் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்தான். தண்ணீர்ப் பானை இடதுபக்கம் இருந்தது, மூக்கு அவனை வலதுபக்கம் இழுத்தது. அடுப்போரம் ஒரு சின்னச் சட்டி. மூடியைத் தூக்கி விரலை விட்டான். பின்னாலிருந்து வந்த கை மூடியை விரலோடு சேர்த்து அறைந்து சாத்தியது.

“அது விருந்தாளிக்கு இல்ல,” என்றாள் நார்சிசா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வீங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு அவன் கொல்லைப்புறத்துக்கு வந்தபோது, பாசிலியா புகைக்கொட்டகை வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு வயிறு, கன்னம், விரல் முடிஞ்சாச்சு. காது ஒண்ணுதான் பாக்கி,” என்றான் ஓனியோக். “ஒரு வாய் கோழிச்சாறுக்கு இவ்வளவு கோபமா? அதுவும் முருங்கைக்கீரை போட்டது.”

சிகரெட் பாதி வழியில் நின்றது. “என்ன போட்டது?”

“முருங்கைக்கீரை.”

“சாவு நடந்த வீட்லயா?”

ஓனியோக்குக்கும் அப்போதுதான் உறைத்தது. முருங்கை இலை உருவினால் ஒன்றன்பின் ஒன்றாக உதிரும், அதுபோல வீட்டு ஆட்களும் உதிர்வார்கள் என்று, அடக்கம் முடிகிறவரை அந்தக் கீரையைத் தெருப்பக்கம்கூட யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

“துக்கத்துல மறந்திருப்பா அக்கா.”

“தட்டைச் சுத்த மறக்கலியே. ஹெனாரோ பத்து தப்படி போறதுக்கே பயப்படறவ, சகுனம் அவளுக்கு ரத்தத்துல ஊறியிருக்கு. ஆனா வந்தவங்களை வழியனுப்பறா, முருங்கைக்கீரை சமைக்கிறா. எல்லா விதியையும் கும்பிடறவ, சாவு விதியை மட்டும் ஏன் மிதிக்கிறா?”

“கேள்வி எங்கிட்டயா? எனக்கு விரல் வலிக்குது.”

“உயிரோட இருக்கற புருஷனுக்குத் துக்கம் காத்தா, அவன் நிஜமாவே செத்துடுவான்னு பயப்படறாடா. ஊருக்காகப் பெட்டி வச்சிருக்கா. சாமிக்கு முன்னால மட்டும் பொய் சொல்ல மாட்டேங்கறா. அந்தச் சாறு குண்டடிபட்டவனுக்கு, ரத்தம் ஊறறதுக்கு.”

மழை தகரத்தில் அடித்தது. ஓனியோக் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அப்ப பெட்டிக்குள்ள யாரு?”

“நாம தேடற ஆளு. சுட வந்தவன். எவாரிஸ்தோ மேல குண்டு பட்டிருக்கு, பின்னாலேர்ந்து இவ அடிச்சிருக்கா. மோதிரத்தையும் கடிகாரத்தையும் மாட்டிவிட்டுக் கத்தியிருக்கா.”

“கோழிக்குஞ்சு ரொம்பச் சரியான எடத்துலதான் கொத்துது போல.”

“இப்ப இதைச் சொல்லு. கொலைகாரன் எங்கேன்னு தெரிஞ்சுக்க யாருக்கு அவசரம்? அதுவும் போலீசுக்குத் தெரியாம?”

ஓனியோக் யோசித்தான். “அனுப்புன ஆளு திரும்பி வரலைன்னா... அனுப்புனவனுக்கு. அக்கா! தோன் லெயோன்சியோ கைக்குட்டை நனைய அழுதாரே!”

“கேப்டன் யாருன்னு பதினோரு வருஷமா தெரிஞ்சது இந்த வீட்டுக்கு வெளிய அவர் ஒருத்தருக்குத்தான். இந்தத் தேர்தல்ல துணை மேயரோட கூட்டு சேர்ந்து நிக்கறது யாரு? அவரேதான். எழுதறதை நிறுத்துன்னு சொல்லியிருப்பாரு. இவன் வேற பத்திரிகைக்குப் போறேன்னிருப்பான்.”

“சாட்சி?”

“ஒண்ணுமில்ல. அவர் வாயாலதான் வரணும்.”

வாசலில் கார் ஹாரன் கேட்டது. மணி மூன்று. எவாரிஸ்தோ உயிரோடிருப்பது தெரிந்தால், ஓடக்கூட முடியாத அந்த மனுஷனை இந்த வீட்டிலேயே முடித்துவிடுவார்கள்.

பாசிலியா சமையலறைக்குள் போனாள். நார்சிசாவின் தோளைப் பிடித்து, “உன் புருஷன் எந்த மூலையில இருக்கான்னு நீ சொல்ல வேண்டாம்,” என்றாள். நார்சிசாவின் முகம் வெளுத்தது. “அனுப்பினவன் வந்திருக்கான். பெட்டியைத் திறக்கணும்பான். திறக்கட்டும். நீ இந்த வாசல்லேர்ந்து நகராதே. ஓனியோக், அவங்க உள்ள வந்ததும் ஹெனாரோவை வாசல் கேட்டைப் பூட்டிட்டு வரச் சொல்லு.”

தோன் லெயோன்சியோ வெள்ளைச் சட்டையில், பன்னீர் மணக்க வந்தார். பின்னால் கதவளவு அகலமாக ஒரு மெய்க்காவல்காரன். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, “எவாரிஸ்தோ, தம்பி!” என்று குரல் உடையக் கூப்பிட்டார். பெண்கள் சிலர் கூடவே விம்மினார்கள்.

“நார்சிசா, முகம் வேண்டாம், என்னால தாங்க முடியாது. அவன் கையை ஒரு தரம் புடிச்சுக்கறேன். என் பத்திரிகைக்கு எழுதுன கை.”

“திறக்கக் கூடாது,” என்றாள் நார்சிசா வாசலில் நின்றபடி. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. பயத்தில் தானாக வந்துவிட்டது.

அந்தப் பயத்தைப் பார்த்ததும் தோன் லெயோன்சியோவின் அழுகை நின்றது. கண்ணைக் காட்டினார். காவல்காரன் கோழிக்குஞ்சைப் புறங்கையால் தட்டிவிட்டு, மூடியை ஒரே நெம்பில் திறந்தான்.

வாடை கூடத்தில் பரவியது. சீட்டுகள் நின்றன. கருகிய முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது. தோன் லெயோன்சியோ பிணத்தின் வலது கையைத் தூக்கிச் சட்டையை முழங்கை வரை தள்ளினார். அங்கே சிறைச்சாலையில் குத்திய பச்சையாக ஒரு பூரான் வளைந்து படுத்திருந்தது.

“ருஃபோ!” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கூடத்தில் அது எல்லார் காதிலும் விழுந்தது. தவளையும் தன் வாயால் கெடும் என்பார்கள். பத்திரிகை நடத்துகிற தவளை மட்டும் விதிவிலக்கா என்ன?

“யாரு முதலாளி ருஃபோ?” என்றாள் பாசிலியா. “இவங்களுக்கெல்லாம் இது எவாரிஸ்தோ. முகமே இல்லாத பிணத்தை நீங்க மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடறீங்களே?”

தோன் லெயோன்சியோ கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்துகொண்டிருந்தார்கள். அவர் பார்வை சமையலறை வாசலில், நார்சிசா மேல் வந்து நின்றது.

“அவன் உள்ளதான் இருக்கான்,” என்று கத்தினார். “முடி!”

காவல்காரனின் துப்பாக்கி வெளியே வந்த கையோடு வெடித்தது. ஹெனாரோ தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், விழும்போதே கத்தியை வீசினான். அது காவல்காரனின் முழங்கையில் போய்ச் செருகியது. சீட்டு மேஜை கவிழ்ந்தது. ஐஸ்கட்டி இழுக்கிற கொக்கியோடு ஒருவன் பாய்ந்தான், கொக்கி தோள்பட்டையில் இறங்கி அந்தப் பெரிய உடம்பை மாடு இழுப்பதுபோல இழுத்துத் தரையில் போட்டது. அப்புறம் அவன் மேல் விழுந்த கால்களை எண்ண முடியாது. எலும்பு முறிகிற சத்தம் மட்டும் ஒருமுறை தெளிவாகக் கேட்டது.

தோன் லெயோன்சியோ கைத்துப்பாக்கியோடு சமையலறைக்கு ஓடினார். நடுவில் ஓனியோக் இருந்தான். வீரத்தால் அல்ல, நகர நேரமில்லாததால். ஆனாலும் அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை, அது வீரம்தான். துப்பாக்கி அவன் தலைக்குப் பக்கத்தில் வெடித்தது. இடது காதின் மேல்நுனி பறந்து போனது.

“சொன்னேனே! காதும் போச்சே!” என்று அலறினான்.

நார்சிசா இரும்புக் கம்பியை எடுத்தாள். புகையடுப்பில் தணல் கிளறுகிற நீளக் கம்பி. முதல் அடி மணிக்கட்டில் விழுந்து துப்பாக்கி தெறித்தது. இரண்டாவது முழங்காலில். தோன் லெயோன்சியோ மண்டியிட்டார். அவள் மூன்றாவது அடிக்காகக் கம்பியைத் தலைக்கு மேல் ஓங்கினாள். அது எங்கே விழப் போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பாசிலியா கம்பியை அந்தரத்தில் பிடித்தாள். “வேண்டாம் நார்சிசா. இவன் வாய் வேணும். துணை மேயர் பேரை இவன்தான் சொல்லணும்.”

“பதினோரு வருஷமா எங்க வீட்டு மீனைத் தின்னான் அக்கா,” என்றாள் நார்சிசா. “என் கையால தின்னான்.”

கம்பி நழுவி விழுந்தது. மூட்டைக்காரர்கள் தோன் லெயோன்சியோவைப் படகுக் கயிற்றால் கட்டினார்கள். இறுக்கிக் கட்டினார்கள். அவர் அலறியதை யாரும் காதில் வாங்கவில்லை. மணிலாவிலிருந்து தன் பழைய மேலதிகாரி ஆட்களோடு வரும்வரை யாரும் அவர் மேல் கை வைக்கக் கூடாது என்று பாசிலியா சொல்லிவிட்டு, ஓனியோக்கின் காதில் ஒரு துண்டை வைத்து அழுத்தினாள்.

எவாரிஸ்தோ சமையலறைக்கு மேலே, மூங்கில் பரணில், பழைய வலைகளுக்கு அடியில் கிடந்தான். தோளில் குண்டு. உடம்பு அனலாய்க் கொதித்தது. புகையில் இருமி விடக்கூடாதென்று மூன்று நாளாக வாயில் துணி அடைத்திருந்தான். ஓனியோக் அதை உருவியதும் அந்தக் கறுத்த எலும்புக்கூடு பேசிற்று.

“கீழ நடந்ததெல்லாம் கேட்டேன். மூணு நாளா என் ஜோக்கைச் சொல்லிச் சொல்லி அழறாங்க. ஒருத்தன்கூட ஒண்ணையும் சரியாச் சொல்லல.”

“கேப்டன், உங்களுக்காக நான் ஒரு காதைக் குடுத்திருக்கேன்,” என்றான் ஓனியோக்.

“பாதிதானே? மீதியை வச்சுக் கேளு.” எவாரிஸ்தோ சிரிக்கப் பார்த்தான், வலியில் முகம் கோணியது. “பென்சில் குடுங்க. என் சாவை நானே எழுதணும். நாளைக்கே வரணும். வேற பத்திரிகையில.”

அவன் வலது கை அசையவில்லை. பாசிலியா நார்சிசாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த எழுத்தை விட்டுத் தொலை என்று பதினோரு வருஷமாகத் தினம் கெஞ்சியவள் அவள். இப்போது கத்தப் போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

நார்சிசா சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள். பரண் ஏணியில் உட்கார்ந்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

“சொல்லு.”

“வேண்டாம்னு சொல்லுவியே?” என்றான் எவாரிஸ்தோ.

“அந்த ஆளை அடிச்சப்ப அவன் சாகல. தணல்ல அமுக்கிப் புடிச்சேன். கால் ரெண்டும் உதறிச்சு. அம்மா அம்மான்னான். அடங்கற வரைக்கும் விடல.” அவள் குரல் மீன் விலை சொல்கிற மாதிரி இருந்தது. “நீ ஊரைச் சிரிக்க வைக்கிறதுக்காக அவனைப் புடிச்சுக்கிட்டிருந்தேன். அதனால நல்ல ஜோக்காச் சொல்லு.”

எவாரிஸ்தோ வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான். பதினோரு வருஷம், வாரம் தவறாமல் ஒரு ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

“சொல்லேன்,” என்றாள் நார்சிசா. “எழுதறேன்.”